முகமூடிகள் அறையில் நின்றவர்

மாண்ட்ரியலில் நான் பேசியது பதினொரு நிமிடம். அதற்காகத்தான் கும்பகோணத்திலிருந்து அவ்வளவு தூரம் போனேன். முகமூடிகளையும் எலும்புக்கூடுகளையும் விடாமல் வரைந்த ஒரு பெல்ஜிய ஓவியரைப் பற்றிய கருத்தரங்கு அது. எக்ஸ்பிரஷனிசம் என்ற பெயர் புழக்கத்துக்கு வருமுன்பே அந்த வழியில் நடந்து போனவர். எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். முன்னால் பேசியவர் என் நேரத்தில் பாதியைத் தின்றுவிட்டார். தலைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டியபோது நான் இன்னும் எலும்புக்கூடுகளுக்கே வந்திருக்கவில்லை. கேட்டவர்கள் பதினான்கு பேர். முன்வரிசையில் ஒரு மூதாட்டி தூங்கிக்கொண்டிருந்தார். கேள்வி நேரத்தில் விழித்துக்கொண்டு, இந்தியாவில் இப்போது வெயிலா மழையா என்று கேட்டார். மழை என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்று மாலை இதை யாரிடமாவது சொல்லிச் சிரிக்கவேண்டும்போல இருந்தது. தொலைபேசி அட்டை ஒன்று வாங்கி வைத்திருந்தேன். எனக்கு வயது நாற்பத்தாறு, திருமணம் செய்துகொள்ளவில்லை, பெற்றோர் போய்விட்டார்கள். யோசித்து யோசித்து நான் வேலை பார்க்கும் ஓவியக் கல்லூரியின் அலுவலகத்தை அழைத்தேன். அங்கே அப்போது விடியற்காலை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

தங்கியது பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில், ஜசிந்தா அக்காவின் வீட்டில் ஓர் அறையில். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். ஐம்பது வயது இருக்கும். குழந்தைகள் காப்பகம் ஒன்றின் சமையலறையில் வேலை. கணவர் இறந்துவிட்டார், மகன் குடும்பத்தோடு புரோசார்ட் என்ற பக்கத்து ஊரில். அந்த ஊர் வீடுகளுக்கு மாடிப்படி வெளியே இருக்கிறது. மழையிலும் பனியிலும் இரும்புப் படியில் சுற்றிச் சுற்றி ஏறித்தான் வீட்டுக்குள் போகவேண்டும். இறங்கவேண்டிய நிறுத்தத்துக்கு ஏழு நிறுத்தம் தள்ளி இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு நான் வந்து சேர்ந்த அன்று அவர் மேலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார். வழி தவறியதைச் சொன்னேன்.

"பஸ்காரன் என்ன கேட்டவன்?"

"பிரெஞ்சுல ஏதோ கேட்டாரு. நான் சரின்னேன்."

"இஞ்ச விளங்காததுக்கெல்லாம் சரி எண்டு சொல்லக் கூடாது ரீச்சர்," என்றார். நான் அவர் வாயில் அன்றைக்கே ‘ரீச்சர்’ ஆகிவிட்டேன்.

அரிசிமாப் பிட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்திருந்தார். நம் ஊர்ப் புட்டைவிட உதிரியாக, தேங்காய்ப்பூ தாராளமாக. நான் உட்கார்ந்து சாப்பிட, அவர் குசினி என்று தான் சொல்லும் சமையலறையின் கதவில் சாய்ந்து நின்றார். தான் நின்றபடியே சாப்பிட்டுப் பழகிவிட்டதாகச் சொன்னார். சுவரில் இரண்டு படங்கள். கணவர் படத்துக்கு முன்னால் சின்ன மின்விளக்கு எரிந்தது. பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஓர் இளைஞன்.

"தம்பி, பிலிப்," என்றார் நான் கேட்குமுன்பே. "ஊரில ஆமி பிடிச்சுக்கொண்டு போனது. பேந்து தகவல் இல்லை. பதினைஞ்சு வருசம்."

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்தது. போன வருடம் தானும் போய், ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கித் தம்பியைத் தேடிவிட்டு வந்ததாகச் சொன்னார். தொலைக்காட்சியில் யாரோ பிரெஞ்சில் வானிலை சொன்னார்கள். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கருத்தரங்கு முடிந்த மறுநாள் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அந்த ஓவியரின் படங்களும் அவரைப் பின்பற்றி வந்தவர்களின் அச்சுப்படங்களுமாக ஒரு கண்காட்சி நகரத்தில் நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் போவதாகச் சொன்னதும் ஜசிந்தா அக்கா, "அங்க எங்கட பங்குப் பிள்ளை ஒருத்தர் வேலை செய்யிறார். யூட். எங்கட ஊர்தான். நான் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ," என்றார். பங்கு என்பது அவர்கள் மாதா கோயிலைச் சேர்ந்த தமிழர் கூட்டம். ஞாயிறுதோறும் பூசையில் சந்திக்கிறவர்கள்.

அக்டோபர் கடைசி. தெருவில் பால்கனிக்குப் பால்கனி பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள் தொங்கின, ஹாலோவீனுக்காக. கிரேக்கர் கடைக்கும் பஞ்சாபி இனிப்புக் கடைக்கும் நடுவில் இருந்த டெப்பனரின் கண்ணாடிக் கதவில் ஒரு மண்டையோடு, அதன் வாயில் யாரோ செருகிய சிகரெட். டெப்பனர் என்றால் நம் ஊர்ப் பெட்டிக்கடைதான், கதவும் ஹீட்டரும் சேர்த்து. அங்கே வாங்கிய ரொட்டியைத் தின்றுகொண்டே மெட்ரோவுக்கு நடந்தேன். குளிரில் ரொட்டிக்கு ருசி தெரியவில்லை.

இருபத்திரண்டு வருடமாகப் புத்தக அச்சில் மட்டுமே பார்த்த படங்கள். வண்ணம் இவ்வளவு பளிச்சென்று இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. எலும்புக்கூடுகளுக்கு ரோஜா நிறத்தில் சால்வை. ஒன்றில் இரண்டு எலும்புக்கூடுகள் ஒரு கருவாட்டை ஆளுக்கொரு பக்கம் கடித்து இழுத்தன. இன்னொன்றில் சில எலும்புக்கூடுகள் அடுப்பைச் சுற்றிக் கிடந்தன. எனக்குப் பின்னால் ஒரு குழந்தை தன் அம்மாவிடம் எதையோ கேட்டது. அம்மா சிரித்துவிட்டு நகர்ந்தாள்.

"அடுப்பில நெருப்பில்லையே, ஏன் பக்கத்தில இருக்கினம் எண்டு கேக்குது," என்றது ஒரு குரல், தமிழில்.

மூலையில் காவலர் நின்றிருந்தார். கறுப்புக் கோட்டு, காதில் வயர். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கால் லேசாக வெளிப்பக்கம் திரும்பியிருந்தது.

"யூட்தானே? ஜசிந்தா அக்கா சொல்லி அனுப்பினாங்க."

அவர் முகம் மாறியது. "நீங்கள் அக்கா வீட்டிலயோ நிக்கிறியள்?" என்றார். பிறகு நேராக நின்று, என் தலைக்கு மேலே பார்த்தார். அன்று அவ்வளவுதான் பேச்சு.

மறுநாளும் போனேன். வேறு போக இடமில்லை என்பதுதான் உண்மை. அதே அறையில் முகமூடிகள் இருந்த பக்கம், பெரிய படம் ஒன்றின் முன்னால் நின்று நோட்டில் வரைந்துகொண்டிருந்தேன். முகமூடி அணிந்த ஒரு கூட்டம், நடுவில் ஒடுங்கிப்போன ஓர் ஆள். யூட் தானாகவே பக்கத்தில் வந்தார்.

"இதில என்ன இருக்கெண்டு நீங்கள் பிள்ளையளுக்குப் படிப்பிப்பியள்?"

அந்தப் பதினொரு நிமிடத்தில் சொன்னதையே சொன்னேன். ஓவியரின் வீட்டார் கடலோர ஊரில் கிளிஞ்சலும் திருவிழா முகமூடியும் விற்றார்கள், அவற்றின் நடுவில்தான் அவர் வளர்ந்தார், மனிதர்களின் உண்மையான முகம் முகமூடியில்தான் தெரிகிறது என்று அவர் கண்டுகொண்டார், இப்படி.

யூட் கவனமாகக் கேட்டார். பிறகு, "மூண்டு கிழமையா இதுக்கு முன்னால நிக்கிறன் ரீச்சர். வேற அறை தரச் சொல்லிக் கேட்டனான். சூப்பர்வைசர் கண்காட்சி முடியுமட்டும் மாத்தேலாது எண்டிட்டான்," என்றார். "இந்த எலும்புக்கூடுகள் பரவாயில்லை. அதுகள் செத்ததுகள் எண்டு தெரியும். முகமூடிதான் பிழை. கண் இப்பிடி வடிவாத் தெரியாது. ஓட்டைக்குள்ள இருட்டுத்தான் தெரியும். படம் கீறினவர் வெளியில நிண்டு பாத்தவர். உள்ளுக்க இருந்து பாக்கேல்லை."

ஒரு காவலர் வந்து அவர் இடத்தில் நின்றார். யூட்டுக்கு அரை மணி இடைவேளை. "தேத்தண்ணி குடிப்பமோ?" என்று கேட்டார்.

பக்கத்துத் தெருவில் ஒரு காபிக் கடை. ஜன்னலோரம் உட்கார்ந்தோம். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்.

"தலையாட்டி எண்டா உங்களுக்கு விளங்குமோ?"

"பொம்மையா?" என்றேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரிக்கு வேறென்ன தோன்றும்?

"பொம்மை இல்லை. மனிசர்." அவர் சிரிக்கவில்லை. "ஊரைச் சுத்தி வளைப்பினம். ஆம்பிளையள் எல்லாரையும் பள்ளிக்கூட வளவுக்குள்ள கொண்டுபோய் இருத்துவினம். ஒருத்தனைச் சாக்கால மூடி ஜீப்பில கொண்டு வருவினம். கண்ணுக்கு மட்டும் ரெண்டு ஓட்டை. அவனைக் கதிரையில இருத்திப்போட்டு, ஆக்களை ஒவ்வொருத்தரா அவனுக்கு முன்னால நடக்க விடுவினம். அவன் தலையாட்டினா அந்த ஆளை ஏத்துவினம். ஆட்டாட்டி வீட்டை போகலாம்."

"உங்களையும் பிடிச்சாங்களா?"

"அந்தச் சாக்குக்குள்ள இருந்தது நான்தான்."

வெளியே ஒரு பேருந்து வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு அப்போது இருபது வயது. முந்தின நாள் தெருவில் பிடித்திருக்கிறார்கள். ராத்திரி முழுக்க அடி. ‘ஆரையும் காட்டாட்டி நீதான்’ என்று சொல்லியிருக்கிறார்கள். எந்த ஆமி என்று அவர் சொல்லவில்லை. பதினைந்து வருடம் என்பதை மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். அப்போது அங்கே இருந்தது என் நாட்டு ராணுவம்.

"மூண்டு பேருக்குத் தலையாட்டினன். ஒருத்தருக்கும் ஒரு இயக்கத்தோடயும் தொடர்பில்லை. ரெண்டு பேர் கொஞ்ச மாசத்தில திரும்பி வந்தவை. மற்றவன் வரேல்லை." கோப்பையைக் கீழே வைத்தார். "பிலிப். அக்கான்ர தம்பி."

சுவரில் சைக்கிளோடு நின்ற அந்தப் பையன்.

"பூசையில ஆளுக்கு ஆள் கை குடுத்துச் சமாதானம் சொல்லேக்க எனக்கு முன்வாங்கில இருந்து அக்கா திரும்பிக் கை தாறவ. ஒவ்வொரு ஞாயிறும். நானும் குடுக்கிறன்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீங்கள் நாளையிண்டைக்குப் போயிடுவியள். போகமுந்தி அவவிட்டச் சொல்லுவியளோ? எனக்கு வாய் வராது. எத்தினையோ தரம் படி ஏறிப்போய்த் திரும்பி வந்தனான்."

"இதை நான் எப்படி யூட் சொல்றது?"

"ஓம். அதுவும் சரிதான்," என்றார். மணி பார்த்தார். கோட்டைச் சரிசெய்துகொண்டு வேலைக்குப் போனார்.

எனக்குள் கோபம் வந்தது. அவர்மேல் மட்டுமில்லை. என்னை ஏன் இதற்குள் இழுத்தார் என்று ஒரு கோபம். முகமூடியைப் பற்றி இருபது வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன் என்பதை நினைத்து வெட்கம். மெட்ரோவில் நீல வழித்தடத்துக்கு மாறும்போது எதிர்த் திசையில் ஏறிவிட்டேன். வண்டி செயின்ட்-மிஷேலில் போய் நின்று, எல்லோரும் இறங்கி, விளக்கை அணைக்கும்வரை எனக்குத் தெரியவில்லை. காய்கறி வண்டி இழுத்துக்கொண்டு போன ஒரு ஹெய்ட்டிப் பெண் கதவைத் தட்டி என்னை இறங்கச் சொன்னார். கையைப் பிடித்து எதிர் மேடைக்குக் கூட்டிப் போனார். வண்டி வரும்வரை பக்கத்திலேயே நின்று, தன் மகள் பேறுகாலத்துக்காக வந்திருப்பதைப் பாதி ஆங்கிலத்திலும் பாதிக் கைச்சாடையிலும் சொன்னார். வண்டியில் ஏறியபின் எனக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை. அந்த ஊரில் மெட்ரோவில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

வீட்டுக்கு வந்தபோது இருட்டியிருந்தது. ஐந்து மணிதான். அன்று ஹாலோவீன், பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கும் நாள். ஜசிந்தா அக்கா வாசலில் நாற்காலி போட்டு, மடியில் சாக்லேட் கிண்ணத்தோடு இருந்தார். இரும்புப் படியில் தடதடவென்று பிள்ளைகள் ஏறி வந்தார்கள். சூனியக்காரிகள், பூனைகள், ஒரு எலும்புக்கூடு. அக்கா எலும்புக்கூட்டைப் பார்த்து, "சோபியா, நீ முந்தியும் வந்து மூண்டு எடுத்தனி," என்றார். எலும்புக்கூடு பிரெஞ்சில் ஏதோ மறுத்துவிட்டு நாலாவதையும் எடுத்துக்கொண்டு இறங்கியது.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க? முகமே தெரியலியே."

"நடை தெரியுதே," என்றார். "முகத்தை மூடினா ஆரெண்டு தெரியாது எண்டு நினைக்கினம்."

நான் செருப்பைக் கழற்றாமல் அங்கேயே நின்றுவிட்டேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யூட் உங்களிட்ட ஏதும் சொன்னவரோ?"

பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை. "சொன்னாரு," என்றேன்.

அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். குசினியில் போய் அடுப்பைப் பற்றவைத்து, தண்ணீர்க் கேத்தலை வைத்தார். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் ரீச்சர். நாங்கள் பொம்பிளையள் மதிலுக்கு வெளியில நிண்டனாங்கள். ஜீப்பால இறக்கிக் கதிரைக்கு நடத்திக்கொண்டு போகேக்க பாத்தன். ஒவ்வொரு நாளும் எங்கட வாசலால பள்ளிக்கூடம் போன பிள்ளை. ஒரு கால் வெளியால போகும். எனக்குத் தெரியாதோ?"

"இவ்வளவு வருஷமா ஏன் நீங்க…"

"கேட்டா அவர் பங்கை விட்டுப் போயிடுவார். இந்த ஊரையும் விட்டுப் போயிடுவார். தம்பியைப் பக்கத்தில நிண்டு கடைசியாப் பாத்தது அவர்தான். அவரும் போனா எனக்கு ஆர் இருக்கினம்?" கேத்தல் கொதித்தது. அவர் அதை அணைக்கவில்லை. "தானாச் சொல்லட்டும் எண்டு இருந்தனான். உங்களிட்டச் சொல்லிப்போட்டார். என்னட்டச் சொல்லேல்லை."

அந்த வார்த்தையில் எனக்கும் ஓர் அடி இருந்தது. தகுதியான அடிதான். பதினைந்து வருடம் காத்திருந்தவருக்கு வரவேண்டியதை, ஒரு வாரம் வந்தவள் காபிக் கடையில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் அக்கா வேலைக்குத் தொலைபேசி செய்து விடுப்புச் சொன்னார். நல்ல சேலை கட்டி, மேலே தடித்த கோட்டுப் போட்டு, "வாங்கோ ரீச்சர், எனக்கும் அந்தப் படங்களைக் காட்டுங்கோ," என்றார். மெட்ரோவில் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்தார்.

யூட் முகமூடிகள் அறையில்தான் இருந்தார். எங்களைக் கண்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. இடத்தை விட்டு அவர் நகரமுடியாது. அது அவருடைய வேலை. அக்கா நேராக அவரிடம் போகவில்லை. ஒவ்வொரு படமாக, முறையாக, வரிசையில் பார்த்துக்கொண்டு வந்தார். நெருப்பில்லாத அடுப்பின் முன்னால் அதிக நேரம் நின்றார். கடைசியில் யூட் முன்னால் போய் நின்றார். நான் விலகிப் போக நினைத்தேன். "நில்லுங்கோ," என்றார் அக்கா, திரும்பாமலே.

"யூட், நான் கோவிக்க வரேல்லை. ஒண்டு கேக்கவேணும். அவனை ஏன் காட்டினீங்கள்?"

யூட் முகமூடிப் படத்தை ஒருமுறை பார்த்தார்.

"எனக்கு முன்னால வந்து நிண்டவன் அக்கா. குனிஞ்சு என்ர காலைப் பாத்தான். பேந்து கண்ணைப் பாத்தான். ‘டேய்’ எண்டு வாய் அசைஞ்சுது. என்ர பேரைச் சொல்லிப்போடுவான் எண்டு பயந்திட்டன். சொன்னா ஊர் முழுக்கத் தெரிஞ்சிடும். தலை ஆடிட்டுது."

"அவன் சொன்னவனோ?"

"இல்லை. ஏத்தேக்கையும் திரும்பிப் பாத்தவன். சொல்லேல்லை."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வயதான தம்பதி உள்ளே வந்து, கழிப்பறை எங்கே என்று யூட்டிடம் பிரெஞ்சில் கேட்டார்கள். அவர் கையைக் காட்டி, மரியாதையாக வழி சொன்னார். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்பியபோது அவர் கண்கள் நிறைந்திருந்தன.

"இன்னும் ஒண்டு இருக்கு அக்கா," என்றார். "அண்டைக்குப் பிடிபட்டதில ஒருத்தர் இப்ப ஜேர்மனியில இருக்கிறார். அவர் போனில சொன்னவர். தன்னையும் பிலிப்பையும் ஒரே அறையிலதான் வச்சிருந்தவையாம். மூண்டாம் நாள் பிலிப்பை விசாரணை எண்டு கூட்டிக்கொண்டு போயிருக்கினம். விடியத் தூக்கிக்கொண்டு வந்து, வாசலில கொஞ்ச நேரம் கிடத்திப்போட்டு, திரும்பத் தூக்கிக்கொண்டு போனவையாம். அசைவு இல்லையாம்."

"எப்ப சொன்னவர்?"

"ஏழு வருசத்துக்கு முந்தி."

அக்கா சுவரைப் பிடிக்கக் கையை நீட்டினார். படத்தின்மேல் கை படப்போகிறது என்று யூட் பழக்கத்தில் ஓர் அடி முன்னால் வந்தார். பிறகு நின்றுவிட்டார். நான் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"போன வருசம் நான் ஊருக்குப் போனன்," என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "கந்தோர் கந்தோரா ஏறி இறங்கினன். அவன்ர படத்தைக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டினன். என்னை எயாப்போட்டில கொண்டுபோய் விட்டது நீங்கள். பெட்டியையும் தூக்கித் தந்தனீங்கள்."

யூட் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, காவலர் நிற்கும் நிலையில் அப்படியே நின்றார். கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. அக்கா என் கையை எடுத்துவிட்டு வெளியே நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

அன்று அவர் சமைக்கவில்லை. நான் ரவை தேடி எடுத்து உப்புமா கிண்டினேன். அடிப்பிடித்துவிட்டது. அதையே சாப்பிட்டார், முதல்முறையாக என் எதிரில் உட்கார்ந்து. என்னிடம் கோபமா என்று கேட்டேன். "உங்களில என்ன கோவம்," என்றார். பிறகு, "நாளைக்குச் செத்தவைக்கான பூசை. காலமை. நீங்கள் பெட்டியோட வாங்கோ, கோயிலால எயாப்போட்டுக்குப் போகலாம்," என்றார்.

மறுநாள் நவம்பர் இரண்டு. முதல் பனி தூறியது, தரையில் விழுந்ததும் கரைந்தது. கோயில் முகப்பில் ஒரு சின்ன மேசை, அதில் வெள்ளைத் துண்டுக் காகிதங்களும் ஒரு பேனாவும். தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுத்தால் ஃபாதர் பூசையில் வாசிப்பாராம். கம்பளிக்குள் புதைந்த முகங்களோடு ஆட்கள் வந்து வந்து எழுதினார்கள். சிலருக்கு ஒரு தாள் போதவில்லை. அக்கா கணவர் பெயரை எழுதினார். தாய், தகப்பன் பெயர்களை எழுதினார். பேனாவை வைக்காமல் நின்றார்.

"பிலிப்பின்ர பேரை ஒருநாளும் எழுதினதில்லை," என்றார். "எழுதினா நானே அவனை முடிச்ச மாதிரி."

யூட் வந்தார். வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முகப்புக்கு வெளியே, பனியில் நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. பங்குக்காரர்கள் அவரைக் கடந்து, "என்ன யூட், உள்ள வாரும்," என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

அக்கா அவரைப் பார்த்தார். ஒரு புதுத் தாளை எடுத்து மேசை விளிம்பில் வைத்தார். பேனாவை நீட்டினார்.

"தெரிஞ்சது உங்களுக்குத்தான். நீங்கள் எழுதுங்கோ."

யூட் படியேறி வந்தார். குளிரில் விரல்கள் விறைத்திருந்தன. பேனா ஒருமுறை நழுவியது. எழுதினார். தகப்பன் பெயரையும் சேர்த்து முழுப்பெயராக எழுதினார். அக்கா குனிந்து எழுத்துக் கூட்டுவதுபோல வாசித்துப் பார்த்தார். தாளை எடுத்து மற்றத் தாள்களோடு வைத்துக்கொண்டு உள்ளே போனார். யூட் கொஞ்ச நேரம் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, உள்ளே போய்க் கடைசி வரிசையில் நின்றார். உட்கார இடம் இருந்தது. உட்காரவில்லை.

நான் பெட்டியோடு கதவோரம் இருந்தேன். ஃபாதர் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். அருளப்பு, மரியதாஸ், செபமாலை, குழந்தைகள் பெயரும் நடுநடுவே. பிலிப்பின் பெயர் வந்தபோது அக்காவின் முதுகைப் பார்த்தேன். அசையவில்லை. கடைசி வரிசையில் யூட் முழந்தாளிடும் சத்தம் கேட்டது.

டாக்ஸி வந்துவிட்டது. அக்காவின் வரிசைவரை நடந்து போய்ச் சொல்லிக்கொள்ள எனக்குத் துணிவில்லை. அவருக்கு அன்று நான் தேவைப்படவில்லை, யூட்டுக்கும் தேவைப்படவில்லை. பெட்டியை மெல்லத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கதவு சாத்திய பிறகும் பெயர்கள் கேட்டுக்கொண்டிருந்தன. ஓட்டுநர் பெட்டியை வாங்கி வைத்துவிட்டுப் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். புரியவில்லை என்று சொன்னேன். அவர் மறுபடி, மெதுவாக, ஆங்கிலத்தில் கேட்டார்: "உள்ளே உங்கள் சொந்தக்காரர்களா?"

இல்லை என்றேன். வண்டி புறப்பட்டது.